எது ஓடுது

வியாழக்கிழமைகளில் லொறி வரும்.
மாங்குளம் சந்தியில் தூசி அடங்க முதலே
அனுர தன் அரைத் தமிழில் கேட்பான்,
"அக்கா, எது ஓடுது?"
இந்த முறை கையில் ஒரு தாள்.
கறுப்பு, சிவப்பு, வெள்ளை, தோடம்பழம் என்று
நாலு கட்டம் கீறி
எண்ணிக்கை மட்டும் கேட்டிருக்கிறது கொம்பனி.

எண்ணிக்கையில் என்ன தம்பி இருக்கு.
யாழ்ப்பாண பஸ்ஸில் வந்து இறங்குகிற ஆள்
எதைப் பார்த்தாலும் சோடா என்பார்.
சிவப்புச் சோடா, கறுப்புச் சோடா,
ஒண்டும் கலக்காதது வெறுஞ்சோடா.
பஸ் ஹோண் அடிக்க
பாதியை விழுங்கி, மீதியை
என் மேசையில் விட்டுவிட்டு ஓடுவார்.
அந்தப் பாதியை எந்தக் கட்டத்தில் போட?

சடையாண்டி ஐயா கேட்பது கலர்.
எழுபத்தேழில் மலையிலிருந்து
ஒரு தகரப் பெட்டியோடு வந்தவர்.
அந்தச் சொல்லும் அதற்குள் இருந்திருக்கும்.
நெக்டோ குடுத்தாலும் கலர்,
தண்ணி மாதிரித் தெளிஞ்சதைக் குடுத்தாலும் கலர்.
"இதில எங்கை ஐயா கலர்?"
"காசுல இருக்கு தாயி, வாங்கிக்க."

காம்பிலிருந்து வருகிற பொடியன்
"பீம தெகக்" என்று இரண்டு விரல் காட்டுவான்.
ஆள் ஒன்றுதான், போத்தல் இரண்டு.
ஒன்றைக் குடித்து
மற்றதை உடுப்புக்குள் வைத்துக்கொண்டு போவான்.
நான் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.
வெறும் போத்தல் இரண்டும்
மறுநாள் கழுவி வரும்.

போன ஆவணியில் கமலவேணியின் பிள்ளை
லண்டனிலிருந்து வந்து நின்று
"ஃபிஸி இருக்கா" என்றது.
எனக்கு விளங்கவில்லை.
தாய் குறுக்கே வந்து, "காஸ் உள்ளதாம்" என்றாள்.
கடைக்குள் நின்ற மூன்று பேரும்
மூலையிலிருந்த சமையல் சிலிண்டரைத் திரும்பிப் பார்த்தோம்.

ஒட்டுசுட்டானில் சாமத்திய வீடென்றால்
சிவப்பு நாலு பெட்டி போகும்.
செத்த வீட்டுக்குச் சிவப்பு எடுக்க மாட்டினம்.
எழுது தம்பி, இதையும் எழுது.
நவரட்ணத்தார் தோடம்பழம்தான் வாங்குவார்,
திறந்தவுடன் குடிக்க மாட்டார்.
வாயை மூக்கடியில் பிடித்து ஒருக்கால் மணந்து பார்ப்பார்.
தடைக் காலத்தில் இதே போத்தலில்
அவர் மண்ணெண்ணெய் விற்றவர்.
ரோட்டோரத்தில் வரிசையாய் வைத்து,
வெயில் படாமல் சாக்குப் போட்டு மூடி.
இன்னும் சந்தேகம் தீரவில்லை மனுசனுக்கு.

அனுரவின் பேனை கட்டத்துக்கு வெளியே
எங்கோ நின்றுகொண்டிருந்தது.
"சரி அக்கா," என்றான்,
"உங்களுக்கு எது விருப்பம்?"

பதினொரு வருசமாய்ப் போத்தல் திறக்கிறேன்.
பெருவிரலில் மூடியின் பல் பதிந்த தழும்பு இருக்கிறது.
வயிற்றுப் பொருமலுக்கு வெறுஞ்சோடா,
அதுவும் உப்புப் போட்டு, ஒரு மிடறு.
விருப்பம் என்று எவரும் கேட்டதில்லை,
நானும் என்னைக் கேட்டதில்லை.

லொறியால் ஒன்று இறக்கித் தந்தான்.
இஞ்சி.
ஒரே மூச்சில் அண்ணாந்து விட்டேன்.
அது தொண்டையால் போகவில்லை,
மூக்கால் ஏறி
கண்ணால் வந்தது.

பாவம், அவன் பயந்து போனான்.
கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதாய் நினைத்து
தாளை மடித்துப் பொக்கற்றில் வைத்தான்,
ரோட்டைப் பார்த்தான்,
தொப்பியைக் கழற்றி ஏனோ திரும்பவும் போட்டான்.
"அக்கா, சொறி" என்றான்.

இஞ்சியப்பா, என்று சொல்லியிருக்கலாம்.
வாய் முழுக்க நுரை.

கையால் காட்டினேன்.
அதில ரெண்டு பெட்டி இறக்கு.